எல்இடி திரையைச் சேர்த்தவுடன் சென்சார் அளவு தர மறுக்கிறது: உதவி தேவை

நாகலூர்த் தோட்டம்:
ஏற்காட்டில் எங்கள் காபிக்கொட்டைக் கிடங்கின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் வாசலில் இருந்தே படிக்கும்படி ஓர் எல்இடி திரையில் காட்ட முயல்கிறேன். சென்சார் தனியாக இருந்தால் சரியாக வேலை செய்கிறது. திரையைச் சேர்த்தவுடன் எண்ணுக்குப் பதிலாக ‘என்ஏஎன்’ (‘எண் அல்ல’) என்று வருகிறது. விரைவாக யாராவது வழி சொல்லுங்கள்.

அம்மாபேட்டை சால்டரிங்:
எந்த போர்டு, எந்த சென்சார், கம்பி எவ்வளவு நீளம், மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே.

மலைப்பனி:
சந்தேகமே இல்லை, இது மூடுபனியின் வேலை. ஏற்காட்டில் பனி சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். சென்சாரைச் சிறிது நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

ஓம் விதி:
நீர் படிந்தால் ஈரப்பதம் 100 சதவீதத்தில் நிற்கும், என்ஏஎன் வராது. சென்சாரிடமிருந்து முறையான பதில் வரவில்லை என்பதே அதற்குப் பொருள். இதைப் பலமுறை விளக்கியாயிற்று. தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. திரை எரியும்போது போர்டின் 5 வோல்ட் முனையை மல்டிமீட்டரால் அளந்துவிட்டு வாருங்கள்.

நாகலூர்த் தோட்டம்:
இஎஸ்பி32 போர்டு, டிஎச்டி22 சென்சார், மேக்ஸ்7219 சிப் வைத்த நான்கு கட்டத் திரை. எல்லாம் ஒரே செல்போன் சார்ஜரில் ஓடுகின்றன. சென்சாருக்கு 3.3 வோல்ட் முனையிலிருந்து 6 மீட்டர் கம்பி போகிறது. அளந்ததில் 4.2 வோல்ட்.

அம்மாபேட்டை சால்டரிங்:
அப்படியானால் காரணம் அதுதான். போர்டில் வோல்ட்டைக் குறைத்து நிலையாகத் தரும் ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தர வேண்டுமானால், உள்ளே வருவது அதைவிட ஏறத்தாழ ஒரு வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும், 4.2 என்பது விளிம்பு. டிஎச்டி22க்குக் குறைந்தபட்சத் தேவையே 3.3 வோல்ட் என்பதால், நீளமான கம்பியில் கொஞ்சம் இழந்தாலும் அது பேச்சை நிறுத்திவிடும். திரைக்குத் தனி 5 வோல்ட் சார்ஜர் கொடுங்கள். நிரலில் வெளிச்சத்தை 15இலிருந்து 3க்குக் குறையுங்கள். டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் இருக்கட்டும். அதை 5 வோல்ட்டில் மட்டும் கட்டிவிடாதீர்கள், இஎஸ்பி32இன் முனை கெட்டுவிடும்.

மலைப்பனி:
இத்தனை பாடு எதற்கு? டிஎச்டி22ஐத் தூக்கிப் போட்டுவிட்டு எஸ்எச்டி31 சென்சார் வாங்கிக்கொள்ளலாமே.

ஓம் விதி:
எஸ்எச்டி31 ஐ2சி எனும் இரு கம்பித் தகவல் முறையில் பேசுவது. ஐ2சி ஒரே போர்டில் உள்ள சிப்புகளுக்காக வந்த முறை. 6 மீட்டர் கம்பிக்கு அதைப் பரிந்துரைப்பவர் முதலில் கம்பியின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) பற்றிப் படிக்கட்டும்.

மலைப்பனி:
வேகத்தைக் குறைத்து என் வீட்டு மொட்டை மாடியில் அதைவிட நீளமான கம்பியில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா.

ஓம் விதி:
ஓடுகிறது என்பது வேறு, சரியாக அமைந்திருக்கிறது என்பது வேறு.

நாகலூர்த் தோட்டம்:
தனிச் சார்ஜர் கொடுத்தேன். இப்போது அளவு வருகிறது, ஆனால் திரையில் புள்ளிகள் கண்டபடி எரிகின்றன.

ஓம் விதி:
இரண்டு சார்ஜர்களின் கிரவுண்டையும் (மைனஸ் கம்பியையும்) ஒன்றாக இணைத்தீர்களா?

நாகலூர்த் தோட்டம்:
இணைத்ததும் சரியாகிவிட்டது. 18.6 டிகிரி, 81 சதவீதம். அனைவருக்கும் நன்றி.

அம்மாபேட்டை சால்டரிங்:
மேக்ஸ்7219 தன் உள்ளீட்டில் 3.5 வோல்ட் எதிர்பார்க்கும். இஎஸ்பி32 தருவதோ 3.3. புள்ளிகள் மறுபடி குழம்பினால் இடையில் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74எச்சிடி125 சிப் ஒன்றைப் போடுங்கள். இன்னொன்று, 81 சதவீதம் கிடங்கின் நடுவில் எடுத்ததா, சுவரை ஒட்டி எடுத்ததா? நடுவில் என்றால் காய்ந்த கொட்டை திரும்ப ஈரம் இழுக்கும், உடனே கவனியுங்கள்.