‘நானோ மருந்து’ என்பதற்கு மாற்றாக ‘நானோ பொதி’

அன்புடையீர், வணக்கம்.

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளின் பக்க விளைவுகளைத் தணிக்க நானோ பொருள்களை (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கப்படும் மிகச் சிறு துகள்களை) பயன்படுத்தும் ஆய்வுகளுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் அம்மையார் ஒருவர் முன்மொழிந்த ‘நானோ மருந்து’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இவ்வகை மருந்துகளான ஒமிப்ரசோலும் பான்டோபிரசோலும் நாம் அறிந்த பழைய மூலக்கூறுகளே; நானோ அளவில் இருப்பது அவற்றை உள்ளே வைத்துச் சுமக்கும் துகள். ஆகவே அத்துகளைச் சுட்டும் ‘நானோ பொதி’ என்னும் சொல்லையே நான் முன்மொழிகிறேன்.

பெங்களூரு அல்சூரில் என் மருந்துக்கடைக்கு வந்து ‘கேஸ் மாத்திரை’ கேட்பவர்களில் பலர் அதை மாதக்கணக்கில் நிறுத்தாமல் விழுங்குகிறார்கள். ஒமிப்ரசோல் காப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினால், கடுகினும் சிறிய வெண்மணிகள் உதிரும். அம்மருந்து அமிலத்தில் சிதைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மணிக்கும் இரைப்பையில் கரையாமல் சிறுகுடலில் மட்டும் கரையும் பூச்சு உண்டு. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் உடல் முழுவதும் சுற்றி, அமிலம் சுரக்கும் செல்களை அடைந்த பிறகே அது வினைபடு வடிவம் பெற்றுப் புரோட்டான் பம்பை (இரைப்பைக்குள் அமிலத்தை வெளியேற்றும் நொதியை) முடக்குகிறது.

இம்மருந்துகளை நீண்ட காலம் உட்கொண்டால் இரத்தத்தில் மெக்னீசியம் குறையக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. உணவுப் புரதத்திலிருந்து பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க அமிலம் தேவை என்பதால் அதன் அளவும் குறையலாம். கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படுவது) போன்ற பலபடிகளால் (பாலிமர்களால்) ஆன துகள்களில் மருந்தை அடைத்து, அமிலத்திலிருந்து காத்து, மெல்ல வெளிவிட்டால் குறைந்த அளவே போதுமானதாகலாம் என்பதே இவ்வாய்வுகளின் நோக்கம். ஆனால் பி12 குறைவு அமிலம் குறைவதாலேயே நேர்வது. எந்தத் துகளாலும் அதை முழுவதும் தவிர்க்க முடியாது. ஆகவே இதே உரையாடலில் ‘பக்கவிளைவிலி’ (பக்க விளைவு இல்லாதது) என்று மற்றொரு நண்பர் தந்த சொல் நோயாளிக்குப் பொய்யான உறுதியைத் தந்துவிடும். அதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

‘நானோ பொதி’க்குப் பதில் ‘நுண்பொதி’ என்றால் ஆயிரம் மடங்கு பெரிய மைக்ரோ அளவோடு குழம்பும். ‘ஊர்தி’ தானே நகர்வதைக் குறிக்கும்; இத்துகள்களோ குடலின் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுபவை. ‘பொதி’ என்பது சுமையையும் உள்ளே வைத்து மூடியதையும் ஒருங்கே உணர்த்துகிறது. அதிலிருந்து பொதித்தல் (மருந்தைத் துகளில் அடைத்தல்), பொதியளவு (அடைத்த மருந்தின் அளவு), பொதியவிழ்ப்பு எனத் துணைச்சொற்களும் இயல்பாகக் கிளைக்கின்றன. மருந்து வெளிப்படுதலுக்குப் ‘பொதியவிழ்ப்பு’ போதுமா, ‘விடுவிப்பு’ என்றே வைக்கலாமா என்பதில் மட்டும் மருந்தியல் பயிற்றுவிப்போரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.