உள்ளீடற்ற சியோலைட் படிகம்: உள்ளே குடைந்த பிறகும் கரி படிவது ஏன் குறையவில்லை?

சுங்கை சிப்புட் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை ஆய்வு மாணவி. விடுமுறைக்காகச் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். செம்பனை எண்ணெயைச் சூடாக்கி, இசட்.எஸ்.எம்-5 என்னும் சியோலைட்டின் (சிலிக்காவும் அலுமினியமும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த படிக வினையூக்கி) மீது செலுத்தி, பெட்ரோல் வகை ஹைட்ரோகார்பன்களாக உடைப்பதே என் ஆய்வு. வினையூக்கி சில மணி நேரத்திலேயே கரி படிந்து செயலிழந்து விடுகிறது. படிகத்தின் நடுப்பகுதிவரை மூலக்கூறுகள் போய்த் திரும்பத் தாமதமாவதே காரணம் என்று கருதி, ஏறத்தாழ 200 நானோமீட்டர் குறுக்களவுள்ள படிகங்களை டெட்ராபுரோப்பைல் அமோனியம் ஹைட்ராக்சைடு என்னும் காரக் கரைசலில், 170 பாகை செல்சியசில், மூடிய அழுத்தக்கலத்தில் வைத்துக் குடைந்தேன். மின்னணு நுண்ணோக்கியில் ஒவ்வொரு படிகமும் 20 நானோமீட்டர் சுவருள்ள சிறு பெட்டியாகத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வினையூக்கியின் ஆயுள் கூடவில்லை. பாதை 100 நானோமீட்டரிலிருந்து 20 ஆகக் குறைந்தால், ஊடுருவும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப 25 மடங்கு குறைய வேண்டுமே. என் கணக்கில் பிழை எங்கே இருக்கிறது?

செம்பனை ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் என் அப்பா, ஆலையில் குவியும் சாம்பலிலிருந்து இதற்கான சிலிக்காவை எடுக்க முடியுமா என்று கேட்கிறார். அதற்கும் விடை தெரிந்தால் சொல்லுங்கள்.

பினாங்கு வாசகர் எழுதியது:

தங்கையே, உங்கள் கணக்கில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். குழி வெளியுலகத்தோடு நேரடியாக இணைந்திருந்தால்தான் 20 நானோமீட்டர் சுவர் இருபுறமும் பயன்படும். குழி மூடியிருந்தால், மூலக்கூறு வெளிப்புறத்திலிருந்து மட்டுமே நுழைய முடியும். அப்போது கணக்கில் வர வேண்டியது கனஅளவை வெளிப்பரப்பால் வகுத்த நீளம்: குடையாத கோளத்துக்கு அது 33 நானோமீட்டர், குடைந்த உங்கள் படிகக் கூட்டுக்கு 16 நானோமீட்டர். வர்க்கப்படுத்தினால் நன்மை ஏறத்தாழ நான்கு மடங்குதான், இருபத்தைந்து அன்று. பொருளில் பாதியும் கரைந்து போயிருக்கும்.

இதைவிட முக்கியமானது துளையின் அளவு. இசட்.எஸ்.எம்-5 துளையின் அகலம் 0.55 நானோமீட்டர் அளவுதான். எண்ணெயில் உள்ள டிரைகிளிசரைடு மூன்று நீண்ட கிளைகளைக் கொண்ட மூலக்கூறு. அது அந்த வாசலில் நுழையாது. வெப்பத்தாலும் வெளிப்பரப்பிலும் முறிந்த துண்டுகள் மட்டுமே உள்ளே போகும். ஆகவே எவ்வளவு பெரிய குழியைத் தோண்டினாலும், சுவரில் வாசல் இல்லாவிட்டால் எண்ணெய்க்கு அது பயன்படாது.

இப்படி மூடிய கூடுகளுக்கு வேறொரு நல்ல பயன் உண்டு. உள்ளே பிளாட்டினம் போன்ற உலோகத் துகளை வைத்தால், அது பக்கத்துத் துகளோடு சேர்ந்து பெரிதாகாமல் இருக்கும். டொலுயீன் போன்ற மெல்லிய மூலக்கூறு நுழையும், அதைவிடப் பருமனான மெசிட்டிலீன் நுழையாது. ஆனால் உங்கள் வினைக்கு வேண்டியது அந்தப் பாதுகாப்பு அன்று, திறந்த சுவர்.

கூலிம் வாசகர் எழுதியது:

முந்தைய விடையை ஏற்கிறேன். உங்களிடம் 77 கெல்வினில் எடுத்த நைட்ரஜன் உட்கவர்வு வரைபடம் (அழுத்தம் மாறும்போது துளைகள் எவ்வளவு நைட்ரஜனைப் பிடித்து விடுகின்றன என்று காட்டுவது) இருந்தால், அதில் நைட்ரஜன் வெளியேறும் கோட்டைப் பாருங்கள். சார்பு அழுத்தம் 0.42 முதல் 0.45 வரையிலான இடத்தில் கோடு திடீரென்று செங்குத்தாக விழுந்தால், குழிகள் குறுகிய வாயில்கள் வழியாகவே வெளியோடு இணைந்துள்ளன என்று பொருள். நுண்ணோக்கிப் படம் குழி இருப்பதைக் காட்டும். வாசல் இருக்கிறதா என்று காட்டாது.

நீங்கள் பயன்படுத்திய முறையில் உள்ளே கரைந்த சிலிக்கா வெளிச்சுவரில் மீண்டும் படிகமாகிவிடுவதால் சுவர் நெருக்கமாக உருவாகிறது. அதனால், வெளியே திறந்த துளைகள் உண்டாக, இன்னும் குடையாத படிகத்தை எடுத்து, 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், 65 பாகையில், அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். சிலிக்கான்–அலுமினியம் விகிதம் 25க்கும் 50க்கும் இடையில் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். அலுமினியம் மிகுந்தால் அது படிகத்தைக் காத்துக்கொள்ளும், மிகக் குறைந்தால் படிகமே கரைந்து போகும். அந்தக் கரைசலிலேயே டெட்ராபுரோப்பைல் அமோனியம் அயனியையும் சிறிதளவு சேர்த்தால், அது மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு கரைதலை நிதானப்படுத்தும்.

காரணத்தை உறுதிசெய்ய ஒரு சோதனையும் செய்யலாம். எண்ணெய்க்குப் பதில், எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பிரியும் கொழுப்பு அமிலத்தைச் செலுத்துங்கள். நேர்ச்சங்கிலியாகிய பால்மிட்டிக் அமிலம் துளைக்குள் நுழையக் கூடியது. அப்போது மட்டும் உங்கள் கூட்டின் ஆயுள் கூடினால், தடை சுவரில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

தாப்பா ஆலைப் பொறியாளர் எழுதியது:

அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. நாரும் கொட்டை ஓடும் எரிந்த சாம்பலில் சிலிக்கா நிறையவே உண்டு. ஆனால் பொட்டாசியமும் கால்சியமும் எரியாத கரியும் அதனுடன் கலந்திருக்கும். அமிலத்தில் கழுவி, மீண்டும் எரித்து, சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துத்தான் சிலிக்காவைப் பிரிக்க வேண்டும். சாம்பலின் அலுமினிய அளவு ஒவ்வொரு முறையும் மாறுவதால், மேலே சொன்ன விகிதம் உங்கள் கட்டுப்பாட்டில் இராது. ஆகையால் சுத்தமான சிலிக்காவில் முறை நிலைபெற்ற பின்பே சாம்பலுக்கு வாருங்கள்.

சுங்கை சிப்புட் மாணவி எழுதியது:

அண்ணன்மார்கள் மூவருக்கும் மிக்க நன்றி. மடிக்கணினியில் இருந்த வரைபடத்தை இப்போதுதான் திறந்து பார்த்தேன். 0.45 அருகே கோடு செங்குத்தாக விழுகிறது. அதை அளவீட்டுக் கோளாறு என்று எண்ணி நான் குறிப்பேட்டில்கூட எழுதவில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்துக்குத் திரும்பியதும் கொழுப்பு அமிலச் சோதனையை முதலில் தொடங்குகிறேன்.