தூசு மூடிய ஆதி கலக்சிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கொக்குவில்காரன்:
ஏ.எல். பௌதிகம் படிக்கிறேன். பெருவெடிப்பு நடந்து 100 கோடி வருடத்துக்குள்ளேயே தூசு நிறைந்த பெரிய கலக்சிகள் இருந்தன என்று வாசித்தேன். தூசு ஒளியை மறைக்கும்தானே, பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்? ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் தெரியாதா?

பனங்கூடல்:
தம்பி, தூசு ஒளியை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்காது. இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, தான் சூடாகி (சூடு என்றாலும் சில பத்துக் கெல்வின்தான்), தொலை அகச்சிவப்பில் திருப்பி விடும். அண்டம் விரிவதால் அந்த அலைநீளம் நீண்டு எங்களிடம் வரும்போது மில்லிமீற்றரை நெருங்கிவிடும். ஹபிளில் வெறும் இருட்டாக இருக்கிற இடம் சிலியில், அட்டகாமா பாலைவனத்தில் 5000 மீற்றர் உயரத்தில் இருக்கிற அல்மா வானொலித் தொலைநோக்கித் தொகுதியில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். 850 மைக்ரோமீற்றரில் பார்த்தால் தூரம் கூடினாலும் பிரகாசம் பெரிதாகக் குறையாது, அது ஒரு அதிர்ஷ்டம்.

நல்லூர்ப் பிள்ளை:
அதிர்ஷ்டமா? அதுதான் தலையிடியே, அண்ணை. கிட்டவா எட்டவா என்று பிரகாசத்தை வைத்துச் சொல்ல ஏலாது. அலைநீளம் கூட நீண்டது தூரத்தில் இருக்கும் என்பதால், ஹேர்ஷல் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் 250, 350, 500 மைக்ரோமீற்றர் என்று போகப் போகப் பிரகாசம் கூடுகிறவற்றைப் பொறுக்கினார்கள். 2013இல் அறிவித்த எச்எஃப்எல்எஸ்3 என்ற கலக்சி அப்படி அகப்பட்டதுதான், பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 88 கோடி வருடம். ஆனாலும் காபனோரொட்சைட்டு போன்றவற்றின் நிறமாலைக் கோடுகளை அளந்து சிவப்புப் பெயர்ச்சியை (அலைநீளம் எத்தனை மடங்கு நீண்டிருக்கிறது என்பதை) எடுத்தால்தான் நம்பலாம்.

கொக்குவில்காரன்:
நன்றி அக்கா. அவ்வளவு தூசு அதற்குள் எங்கிருந்து வந்தது?

நல்லூர்ப் பிள்ளை:
பெரிய விண்மீன்கள் சில கோடி வருடத்துக்குள்ளேயே வெடித்துவிடும், சூரியன் போன்றவை முதுமையடைந்து தூசு விட நேரம் காணாது. வெடிப்பில் உருவாகிற தூசில் எவ்வளவு அழியாமல் தப்புகிறது என்பதில்தான் இன்னும் இழுபறி.