டிலீட் போட்டும் மெமரி குறையவில்லையே?

கேள்வி: என் டாஷ்போர்டு ஐந்து நொடிக்கு ஒருமுறை பழைய டேபிளைத் தூக்கிவிட்டுப் புதிதாக வரைகிறது. காலையில் 80 எம்பி, மாலைக்குள் 900. பழைய ஆப்ஜெக்ட்டை எல்லாம் டிலீட் போட்டுத்தான் அழிக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் மெமரியை நாமே விடுவிக்க வழியே இல்லையா?

பதில் 1: இல்லை. டிலீட் ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் ப்ராப்பர்ட்டியை (பெயரும் மதிப்பும் கொண்ட பதிவை) மட்டும்தான் நீக்கும், ஆப்ஜெக்ட்டை அல்ல. சி மொழியில் மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ மாதிரி இங்கே எதுவும் கிடையாது. யாரும் எட்ட முடியாத ஆப்ஜெக்ட்டை கார்பேஜ் கலெக்டர் (வேண்டாத மெமரியைத் தானாக விடுவிக்கும் பகுதி) அள்ளும், அதுவும் அதற்குத் தோன்றும்போதுதான். உங்கள் டேபிளை எதுவோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில் 2: வரையும்போதெல்லாம் விண்டோவில் ரிசைஸ் லிசனர் (அளவு மாறும்போது ஓடும் ஃபங்ஷன்) சேர்க்கிறீர்களா? அந்த ஃபங்ஷன் டேபிளைத் தொட்டால் போதும், லிசனரை நீக்கும்வரை அல்லது பக்கத்தை மூடும்வரை விடாது. குரோமில் ஹீப் ஸ்னாப்ஷாட் (மெமரியில் என்னென்ன கிடக்கிறது என்ற பட்டியல்) எடுத்து 'டிடாச்ட்', அதாவது பக்கத்திலிருந்து எடுத்த பின்னும் மெமரியில் கிடப்பவை, என்று தேடுங்கள்.

கேட்டவர்: 212 டேபிள் கிடக்கிறது! லிசனர்தான். ரிமூவ்இவென்ட்லிசனர் போட்டேன், ஆனாலும் போகவில்லை.

பதில் 2: பெயரில்லாத ஃபங்ஷனாகக் கொடுத்திருப்பீர்கள். சேர்க்கும்போது கொடுத்த அதே ஃபங்ஷனைத்தான் நீக்கும்போதும் கொடுக்க வேண்டும், அதே மாதிரி எழுதிய இன்னொன்று செல்லாது.

பதில் 3: கூடுதல் தகவலை டேபிளோடு ஒட்டி வைக்க மேப்புக்குப் பதில் வீக்மேப் போடுங்கள், மேப் மாதிரி அது டேபிளைப் பிடித்து வைக்காது; 2015-லேயே வந்துவிட்டது. ஐஇ6 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 பிரவுசர்) காலத்தில் இதற்கெல்லாம் நாங்கள் பட்ட பாடு, அப்பப்பா!

கேட்டவர்: ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்தேன், 95 எம்பியிலேயே நிற்கிறது.