கையில் கிளாஸ் இல்லாமல் ஒரு சியர்ஸ்

மழைக்குருவி:
இங்கிலாந்தில் ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம் என்றால் அது "சியர்ஸ்"தான். உங்களை அது முதலில் எங்கே மாட்டிவிட்டது? நானே தொடங்குகிறேன்.

2014 செப்டம்பரில் படிப்புக்காக பிரிஸ்டல் போனேன். இரண்டாம் நாள் காலை எட்டரை மணி பஸ். நான் போன வண்டியில் முன்பக்கம் ஒரே கதவு. ஏறுவது, இறங்குவது எல்லாம் டிரைவர் பக்கத்தில்தான். எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கும்போது "சியர்ஸ், டிரைவ்!" என்றார். எனக்குத் தெரிந்த சியர்ஸ், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் சொல்வது. காலங்கார்த்தாலே பாட்டி போட்டுவிட்டாரோ என்று கவலையோடு பார்த்தேன். அவருக்குப் பின்னால் யூனிஃபார்மில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். அவனும் "சியர்ஸ், டிரைவ்!" கவனியுங்கள், டிரைவர்கூட இல்லை, டிரைவ்!

என் முறை வந்தபோது அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "தேங்க் யூ சார்" என்றேன். அதுவரை யாரையும் திரும்பிப் பார்க்காத டிரைவர் என்னை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். அந்த இரண்டு சொல்லும் பிரிஸ்டலின் அடையாளம், காபி மக்கிலும் டீ ஷர்ட்டிலும் அச்சடித்து விற்கிறார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பனங்கிழங்கு:
நான் லண்டனில் ஒரு பெற்றோல் செட்டில் ஒன்பது வருசம் கல்லாவில் நின்றவன். ஒருநாள் இரவு வேலையில்லாமல் இருந்தபோது ஒரு வாடிக்கையாளர் எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். கதவைப் பிடித்துவிட்ட ஆளுக்கு ஒன்று. நான் விலை சொன்னதும் ஒன்று. மிச்சக் காசை வாங்கும்போது ஒன்று. வெளியே போகும்போது, முதுகைக் காட்டியபடி, "சியர்ஸ் மேட்". மொத்தம் நாலு. கடைசியாகச் சொன்னது "போய்ட்டு வாறன்" என்ற கணக்கு.

எனக்குக் குழப்பம் தந்தது ரசீது விசயம்தான். "ரசீது வேணுமோ?" என்று கேட்டால் சிலர் வெறுமனே "சியர்ஸ்" என்பார்கள். வேண்டுமா, வேண்டாமா? கை நீளுதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தயிர்சாதம்:
நீங்கள் எல்லாம் நன்றியோடு தப்பித்தவர்கள். நான் லீட்ஸில் ஒரு ஆபீசில் சேர்ந்து மூன்று வாரம். மீட்டிங் நடுவே என் லேப்டாப்பைச் செருக இடம் தேடி, சுவரில் இருந்த ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். அது மேனேஜரின் கம்ப்யூட்டர் பிளக். திரை கறுத்தது. அவர் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்த பட்டியல், சேமிக்காதது, போயே போச்சு. என்னைப் பார்த்து மெதுவாக, இழுத்து, "சியர்ஸ் ஃபார் தட்" என்றார்.

நான் அப்போதுதான் பஸ்ஸிலும் கடையிலும் பாடம் படித்து முடித்திருந்தேன். சியர்ஸ் என்றால் நன்றி. நன்றி சொன்னால் பதில் மரியாதை உண்டல்லவா? சிரித்த முகத்தோடு "யூ ஆர் வெல்கம்" என்றேன்.

அறையில் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் எட்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மேனேஜர் உட்பட. "நல்ல காரியம் பண்ணினேப்பா" என்று நம் வீட்டில் அப்பா ஒரு குரலில் சொல்வாரே, அதேதான் இது. நான் இங்கிலீஷைக் கேட்டேனே தவிர, அந்தக் குரலைக் கேட்கவில்லை.

ராத்திரி டூட்டி:
நான் நர்ஸ். வார்டில் ஒரு தாத்தா, தொண்ணூறை நெருங்கியவர். இரவு மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கப்பில் போட்டுக் கொடுப்போம். அவர் அதை வாங்கி, கண் மட்டத்துக்கு உயர்த்தி, "சியர்ஸ்" என்பார்; ஒரே மடக்கில் வாயில் கவிழ்ப்பார். எனக்கு நன்றி சொன்னாரா, மாத்திரையைச் சாராயமாக நினைத்துக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. நான் தண்ணீர் ஜக்கைத் தூக்கிப் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

அகராதிப்பூச்சி:
ஒரு சின்ன இடைச்செருகல். சியர் என்றால் முதலில் முகம் என்றே பொருள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. முகம் என்பது முகபாவம் ஆகி, மனநிலை ஆகி, மகிழ்ச்சி ஆகி, விருந்தும் உபசரிப்பும் ஆகி, கூட்டத்தின் ஆரவாரமும் ஆனது. "அவர் முகம் கொடுத்தே பேசவில்லை" என்று நாம் சொல்கிறோமே, அதற்குப் பக்கத்து வீடு. லண்டன் பக்கம் "வாட்சா" என்று கூப்பிடுவார்கள்; அது பழைய "வாட் சியர்", அதாவது எப்படி இருக்கே, தேய்ந்து வந்தது. ஆக வணக்கம் சொல்லவும் ஒரு காலத்தில் இதே சொல்தான். கிளாஸைத் தூக்கிச் சொல்வது 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். நன்றி என்ற பொருள் அதற்கும் தம்பி.

மழைக்குருவி:
அப்படியானால் என் பாட்டிமேல் சந்தேகப்பட்டது பாவம்!

தயிர்சாதம்:
இன்னொன்று சொல்லாமல் போக முடியாது. நாலு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். மாமனார் வீடு, கும்பகோணம். விடியற்காலை மாமியார் டபராவோடு காபி கொண்டுவந்து நீட்டினார். தூக்கக் கலக்கம், வாயில் தானாக வந்துவிட்டது: "சியர்ஸ்."

மாமியார் அப்படியே நின்றார். மாமனார் பேப்பரைத் தாழ்த்திக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்புறம் தன் டம்ளரை எடுத்து, எட்டி, என் டம்ளரில் ணங் என்று இடித்தார்.

அன்று மத்தியானம் மாமியார் என் மனைவியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ரொம்ப நேரம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.