நாடக எழுத்துருவை ஒரு டிராமாடேர்ஜிடம் காட்டச் சொல்கிறார் நெறியாளர். காட்டலாமா?

கிணற்றடி (யாழ்ப்பாணம்):

வணக்கம். தமிழ்த்தினப் போட்டிக்குக் குறுநாடகங்கள் எழுதிப் பழகியவன் நான். ஒன்றரை மணித்தியாலம் ஓடும் எழுத்துரு எழுதியது இதுதான் முதல்முறை.

கதைச் சுருக்கம்: வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவிட்டு ஓடிய காணி, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து விடுபட்டுக் கைக்கு வருகிறது. வீடு இல்லை, அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். கொட்டில் போட்டாவது அங்கே இருக்கப்போகிறேன் என்கிறா அக்கா. கடைசித் தம்பி ஒருவருக்கும் சொல்லாமல் வெளியாளோடு விலை பேசுகிறான். கனடாவிலிருந்து அண்ணன் வந்து இறங்குகிறார். தம்பி தன் பங்கை விற்றுவிட்டான் என்பது இரண்டாம் பாகத்தில் தெரியவருகிறது, சண்டை.

நெறியாளர் வாசித்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனால் ஒத்திகை தொடங்கமுன்னம் ஒரு டிராமாடேர்ஜோடு இருந்து கதையும்" என்றார். அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை, அவசரமாகப் போய்விட்டார். அப்படிப்பட்டவர் என்னதான் செய்வார்? நெறியாளர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு? திருத்தித் திருத்திக் கடைசியில் அது அவருடைய நாடகமாகிவிடாதா? காசு கொடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்வரிசை:

தம்பி, இது வெளிநாட்டு வருத்தம். எங்கள் கூத்துக்கு அண்ணாவியார் ஒருவர் போதும். ஏட்டைத் திருத்துகிறவரும் அவர்தான், பாட்டைச் சுருக்குகிறவரும் அவர்தான், சரிவராதவனைக் களரியிலிருந்து இறக்குகிறவரும் அவர்தான். விடிய விடிய ஆடிய கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தாரே, 1962 இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்'. அப்போது எந்த டிராமாடேர்ஜ் பக்கத்தில் இருந்தார்? ஒத்திகைக்குப் போம், எல்லாம் அங்கே சரிவரும்.

நாடக ரீச்சர்:

முன்வரிசை அண்ணை, நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஒரு இரவுக் கூத்தில் எதை வைப்பது, எதை விடுவது, விட்டபிறகும் கதை நிற்குமா என்று இருந்து யோசித்ததுதான் டிராமாடேர்ஜின் வேலை. இராவணேசனில் எழுதியவர் மௌனகுரு, நெறியாள்கை வித்தியானந்தன். எழுதுகிற தலையும் கேள்வி கேட்கிற தலையும் வேறு வேறாக இருந்தன. ஜெர்மனியில் இதை ஒரு உத்தியோகமாகவே வைத்திருக்கிறார்கள். 1767 இல் ஹம்பேர்க் தேசிய அரங்கில் நாடகாசிரியர் லெஸ்ஸிங் இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம். எங்களிடம் உத்தியோகம் இல்லை, வேலை இருந்தது.

கிணற்றடித் தம்பிக்கு. உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது இளம் ஆட்கள் கொண்டுவரும் எழுத்துருக்களை வாசித்து அவர்களோடு இருந்து கதைக்கிறேன்.

நெறியாளர் ஏன் போதாது என்று கேட்டீர். அவர் வாசிக்கும்போதே மனதுக்குள் மேடையைப் போட்டுவிடுவார். இந்த இடத்தில் மத்தளம், இந்த இடத்தில் வெளிச்சம் குறைய வேண்டும் என்று. எழுத்தில் ஓட்டை இருந்தால் அதை இசையாலும் அசைவாலும் மூடிவிடுவார். கெட்டிக்கார நெறியாளர் என்றால் இன்னும் ஆபத்து, ஓட்டை இருந்ததே உமக்குத் தெரியவராது. உம்முடையவர் அதை உணர்ந்துதான் ஒத்திகைக்கு முன்னமே அனுப்புகிறார் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர், விட்டுவிடாதேயும்.

நான் முதல் வாசிப்பில் பேனையைத் தொடமாட்டேன். எந்தப் பக்கத்தில் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன் என்பதை மட்டும் பார்த்துக்கொள்வேன். இரண்டாம் முறை ஒரு கொப்பியில் கோடு போட்டு, காட்சி காட்சியாக எழுதுவேன்: யார் உள்ளே வருகிறார்கள், வரும்போது அவர்களுக்கு என்ன தெரியும், போகும்போது என்ன தெரியும். இதைச் செய்தாலே எழுத்துருவின் எலும்பு வெளியே வந்துவிடும். ஒருவர் வந்து, பேசி, போகிறார், ஆனால் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரியவில்லை, எவருடைய மனமும் மாறவில்லை என்றால் அந்தக் காட்சி ஏன் இருக்கிறது என்று கேட்பேன். வெட்டு என்று சொல்லமாட்டேன். சிலவேளை எழுதியவரிடம் நல்ல பதில் இருக்கும்.

பிறகு ஊர் விசயம். சுருக்கத்தை வாசித்த உடனேயே எனக்கு இரண்டு கேள்வி வந்தது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகிற ஊர் இது. அக்காவுக்கு ஏன் அதை எழுதிக் கொடுக்கவில்லை? கலியாணம் நடக்கவில்லையா, பேச்சு வந்து குழம்பியதா, எழுதுவோம் என்றிருந்த நேரத்தில் ஓட வேண்டி வந்ததா? உம்முடைய சனம் கதிரையில் இருந்த முதல் பத்து நிமிசத்துக்குள் இதைக் கேட்டுவிடும். பதில் தெரியாவிட்டால் சண்டைக் காட்சியிலும் அதையே யோசித்துக்கொண்டிருக்கும்.

மற்றது, தேசவழமை, எங்கள் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம். பிரிக்காத காணியில் தன் பங்கை வெளியாளுக்கு விற்கிறவர் முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும், வாங்குகிற முதல் உரிமை பங்காளிக்குத்தான். 1947 இல் இதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. சபையில் காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு இருந்தால் உம்முடைய இரண்டாம் பாகம் அவருக்கு அந்த இடத்திலேயே படுத்துவிடும். அதற்காகச் சட்டப்படி எழுத வேண்டும் என்று இல்லை. தம்பிக்காரன் அறிவிக்காமல் களவாக விற்றால் அது ஒரு நாடகம். அறிவித்தல் கடிதம் வந்து, வாங்கக் காசில்லாத அக்கா அதை ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தால் அது இன்னொரு நாடகம். எது உம்முடையது என்று எனக்குத் தெரியாது. கேட்பதோடு என் வேலை முடிகிறது.

கடைசியாக, வாய்விட்டு வாசித்தல். நடிகர்கள்கூட வேண்டாம். ஒரு மண்டபமோ விறாந்தையோ, ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு பிரதி. நீர் வாசிக்கக் கூடாது, பிரதியையும் பார்க்கக் கூடாது, கேட்கிறவர்களின் முகத்தை மட்டும் பாரும். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்டுவிடாதேயும். எங்கள் ஆட்கள் ஒன்றில் "அந்தமாதிரி" என்று புகழுவார்கள், இல்லாவிட்டால் தங்களுடைய நாடகத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். லிஸ் லேர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறா, எனக்கு நன்றாக உதவுகிறது. முதலில், கேட்டவர்கள் மனதில் எது நின்றது என்று சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். அடுத்து, கேட்டவர்கள் தீர்ப்பு மறைந்திராத கேள்விகளைக் கேட்கலாம். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் படைத்தவர் சரி என்றால் மட்டும். மூன்றாவது படிதான் எங்கள் ஆட்களுக்குச் சரியான கஷ்டம். "கனடா அண்ணன் ஏன் இவ்வளவு நேரம் அலட்டுகிறார்?" என்பது கேள்வி இல்லை.

ஸ்காபரோ:

ரீச்சர், அந்தக் கடிதம் நல்ல யோசனை. அதனால்தான் ஒன்று கேட்கிறேன். கிணற்றடி அதை எடுத்து எழுதி, நாடகமே அந்தக் கடிதத்தில் நின்றால் அது யாருடைய நாடகம்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நியூயோர்க்கில் 'ரெண்ட்' என்ற இசைநாடகத்துக்கு இதே பிரச்சினை வந்தது. எழுதியவர் ஜொனதன் லார்சன். எழுத்துருவைச் செப்பனிட அவரோடு சேர்ந்து வேலை செய்ய, 1995 இல் லின் தோம்சன் என்பவரை டிராமாடேர்ஜாக 2000 டொலருக்கு அமர்த்தினார்கள். 1996 ஜனவரியில், முதல் முன்னோட்டக் காட்சிக்கு முன்னமே லார்சன் இறந்துபோனார். நாடகம் பிரோட்வேக்குப் போய்ப் பெருங்காசு பார்த்தது. தானும் இணை ஆசிரியர் என்று சொல்லி, ஆசிரியர் பங்கில் 16 வீதம் கேட்டு தோம்சன் வழக்குப் போட்டா. 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவ ஒன்றும் செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இருவரும் இணை ஆசிரியர்களாக இருப்போம் என்ற எண்ணம் லார்சனுக்கு இருக்கவில்லை என்பதுதான் காரணம். பிறகு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

ஆகவே கிணற்றடி, தேத்தண்ணி குடிக்கும்போதே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வைத்துவிடுங்கள். யார் ஆசிரியர், மற்றவருக்கு என்ன பெயரில் நன்றி, எவ்வளவு காசு என்று. எங்கள் சனத்துக்கு இது மரியாதைக்குறைவாகப் படும். பரவாயில்லை.

முன்வரிசை:

ரீச்சர் சொன்ன சீதன விசயம் சரிதான், நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். மற்றதெல்லாம் எனக்கு இன்னும் அதிகப்படியாகத்தான் தெரிகிறது. பத்துப் பேரின் கேள்விக்குப் பதில் சொல்லப் போய், கரடுமுரடாக இருந்த நல்ல எழுத்தெல்லாம் வழுவழுப்பாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கிணற்றடி:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், சீதனக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் எழுத்துருவில் இல்லை. அக்காவுக்குக் கலியாணம் பேசி, காணி உறுதி எழுத நாளும் பார்த்தாயிற்று, அதற்கிடையில் இடம்பெயர்வு. மாப்பிள்ளை பகுதி பிறகு வரவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்ததால் சபைக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன் போல. இப்போது யோசித்தால் அக்காவுக்கு முதல் காட்சியில் சொந்தமாக ஒரு பேச்சும் இல்லை, மற்றவர்களுக்குப் பதில்தான் சொல்கிறா.

கடிதத்தை எடுக்கலாமா? ஸ்காபரோ அண்ணை எழுதியதைப் பார்த்தபிறகு பயமாக இருக்கிறது.

நாடக ரீச்சர்:

எடும். ஆனால் உடனே எழுதாதேயும். முதலில் உறுதி எழுதாமல் போன அந்த நாளை என்ன செய்வது என்று பாரும், அது வந்தபிறகு கடிதம் தேவைப்படாமலும் போகலாம். என்னைக் கேட்டால் உம்முடைய நாடகம் அங்கேதான் இருக்கிறது. பாரும், கேள்வி மட்டும்தான் என்றுவிட்டு அபிப்பிராயம் சொல்கிறேன்.

முன்வரிசை அண்ணை சொல்லும் வழுவழுப்பு உண்மையான ஆபத்துத்தான். அதனால்தான் ஒருவரோடு கதையும் என்கிறேன், பத்துப் பேரோடு அல்ல. பத்துப் பேர் வாசிப்பன்றைக்கு மட்டும். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை. மூன்று பேர் ஒரே இடத்தில் குழம்பினால் அந்த இடத்தைப் பாரும், அவர்கள் சொல்லும் மருந்தை விட்டுவிடும்.

காசு நான் வாங்குவதில்லை, ஆனால் அதை வழக்கமாக்கச் சொல்லமாட்டேன். இளம் ஆட்கள் இந்த வேலைக்கு வந்தால் நெறியாளருக்குக் கொடுப்பதில் ஒரு பங்காவது கொடுக்க வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் 'எழுத்துரு ஆலோசனை' என்று ஒரு வரி போட்டால் எனக்குப் போதும், ஆசிரியர் நீர் மட்டும்தான். ஸ்காபரோ தம்பி கேட்டபடி அதை எழுதிக் கையெழுத்தும் வைப்போம். திருத்திய முதல் பாகத்தை அனுப்பும், வாசிப்புக்கு ஒரு ஞாயிறு பின்னேரம் பார்ப்போம். நெறியாளரையும் கூட்டி வாரும். அன்று அவர் வாய் திறக்கக் கூடாது என்று முன்னமே சொல்லிவிடும்.

முன்வரிசை:

நானும் வரலாமா? வாய் திறக்கமாட்டேன் என்று மட்டும் சத்தியம் பண்ண ஏலாது.