செய்த மொடல் காரைப் பாத்து ஆராவது சொன்னது இன்னும் மனசில கிடக்கோ?

மட்டிக்களி மைனர்:

இதை ஆரிட்டையாவது சொல்லாட்டி எனக்கு நித்திரை வராது. அப்பப்பாட மொரிஸ் மைனர், அதான் ஹயருக்கு ஓடினது, 1:43ல, நிசக்காரில நாப்பத்திமூண்டில ஒரு பங்கு அளவில, செய்யிறன் எண்டு முந்திப் படம் போட்டனான். டைகாஸ்ட், அதான் உலோகத்தில வார்த்த சின்னக்கார், வாங்கி, அடித்தட்டைக் கழட்டி, பெயின்ற் உரிச்சு, மூண்டு மாசம் இழுத்த வேலை. முழுக்காரும் 87 மில்லிமீட்டர். சப்பின பின் பம்பர், மட்கார்டில பிரைமரோட, வெறும் அடிப்பூச்சோட, விட்ட திட்டு எல்லாம் வீட்டில இருக்கிற ஒரேயொரு படத்தைப் பாத்துப் போட்டது.

அப்பப்பாவோட ஒண்டா ஹயர் ஓடின ஐயா ஒருத்தர் டொக்யாட் வீதியில மகள் வீட்டில இருக்கிறார், எண்பது தாண்டிட்டுது. போன கிழமை கொண்டுபோய்க் கையில குடுத்தன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, யன்னல் வெளிச்சத்துக்குப் பிடிச்சு, மெதுவா ஒரு சுத்துச் சுத்தினார். நல்லாயிருக்கு எண்டு சொல்லேல்ல. சின்னவிரல் நகத்தால இடப்பக்கக் கதவை நெம்பிப் பாத்தார். அது திறக்காது, ஒரே வார்ப்பு. பிறகு நகத்தைக் கதவுக் கைபிடியில வச்சபடி கேட்டார்: "இது எங்கால வந்தது?"

நான் முழிச்சன்.

"கோணேசர் கோயில் திருவிழாவுக்குச் சனம் ஏத்தேக்க உடைஞ்சது. உன்ர அப்பப்பா பிறகு கைபிடி போடவேயில்ல. உள்ளுக்கால கயிறு விட்டு வெளியில முடிஞ்சு வச்சிருந்தவர். ஏறுற சனத்துக்கெல்லாம் தெரியும், இழுத்துத்தான் திறக்கிறது."

வீட்டில இருக்கிற படம் வலப்பக்கத்தால எடுத்தது. இடப்பக்கம் எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியாது, தெரியாதெண்டதும் தெரியாது. கடையில வந்தபடியே விட்டிட்டன். என்ன கயிறு எண்டு கேக்க முதல் மகள் தேத்தண்ணியோட வந்திட்டா, கதை விலைவாசிக்குப் போயிட்டுது.

மேலால பூசிற நிறமில்லாத கிளியர் கோட்டும் அடிச்சு முடிஞ்சுது. கைபிடியைச் சீவுறதோ, விடுறதோ? உங்களுக்கும் இப்பிடி ஏதும் இருந்தால் எழுதுங்கோ.

உப்புவெளிப் பொடியன்:

என்ர கதை மழைக் கதை. அத்தானுக்குக் கலியாணப் பரிசு, 1:24 பீட்டில், கறுப்பு. தாலிகட்டுக்கு முதல்நாள் ராத்திரி, கார்த்திகை மழை, விறாந்தையில நிண்டு லாக்கர் பெயின்ற் ஸ்ப்ரே அடிச்சன். அடிக்கேக்க கறுப்பு. குளிச்சிட்டு வந்து பாக்கிறன், கார் முழுக்கத் திருநீறு பூசின மாதிரி. அழுகை வந்திட்டுது. அம்மம்மா எட்டிப் பாத்திட்டு, "சாம்பல் நிறம் நல்லாத்தானே கிடக்கு" எண்டா.

அத்தானும் அதுதான் நிறமெண்டு நினைச்சு சோகேஸில நடுத்தட்டில வச்சிருக்கிறார். அங்க சாப்பிடப் போனால் நான் சோகேஸுக்கு முதுகு காட்டித்தான் இருக்கிறது.

கிண்ணியா நானா:

மட்டிக்களித் தம்பி, கைபிடி கிடக்கட்டும். ஒங்கட காருக்கு முன் கண்ணாடி ரெண்டு துண்டு, நடுவுல தூண். மொரிஸ் 1000 வந்தது 1956ல, அதுக்கு வளைஞ்ச ஒரே கண்ணாடி. 1000 செய்யிறதெண்டால் தூண் வரப்படாது. ஐயா கைபிடியப் பாத்தார், கண்ணாடியப் பாக்கலையா?

உப்புவெளித் தம்பிக்கு. அது பெயின்ற் பழுதில்ல. லாக்கர்ல உள்ள தின்னர் கெதியாப் பறக்கும், பறக்கக்குள்ள மேல்பக்கம் குளிரும், காத்துல உள்ள ஈரம் அதுல வந்து படியும். அந்த ஈரந்தான் ஒங்கட திருநீறு. திருகோணமலையில ஐப்பசி தொடக்கம் தை மட்டும் ராவுல லாக்கரத் தொடவே வேணாம். மழை விட்ட நாள்ல பகல் பதினொண்டுக்கும் ரெண்டுக்கும் இடையில அடிங்க. டின்ன அடிக்க முந்தி இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் வைங்க, கொதிதண்ணி வேணாம், வெடிச்சா முகம் போயிரும். வெளுத்த காரக் கழுவிக் கொட்டவும் தேவல்ல. வெயில் நாள்ல அதே லாக்கர மெல்லிசா இன்னொருக்கா அடிச்சா அடியில உள்ளது இளகி அனேகமாக் கறுப்பு திரும்பும். அத்தான் வீட்டுக்குப் போய்ச் செஞ்சு பாருங்க.

இன்னொண்டு. எனாமல் பெயின்றுக்கு மேல லாக்கர் அடிச்சிராதீங்க, தோல் மாதிரிச் சுருங்கும். லாக்கருக்கு மேல எனாமல் பரவால்ல. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியால பிளாஸ்டிக் காரத் துடைச்ச ஒருத்தரையும் எனக்குத் தெரியும், அதுல அசிற்றோன் உள்ளது, கார் மெழுகு மாதிரிக் குழைஞ்சு போச்சு. கண்ணாடிப் பகுதிக்குக் கிட்ட சூப்பர் குளூ கொண்டுபோகவே வேணாம். அதுட ஆவி பட்டாப் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையாகும், ஈரக் காத்துல இன்னும் மோசம். பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற வெள்ளைப் பசை காணும், காய்ஞ்சாத் தெரியாது.

ஓ, என்ட அனுபவம். நான் செஞ்சது எங்கட பாதை, பாலம் வர முந்தி சனத்தையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோன மிதவை. லொறி, பஸ், ஆடு, சைக்கிள்காரன் எல்லாம் மேல நிக்க, ஒரு வருசம் செஞ்சன். கடைசி மகன் பாத்திட்டுக் கேட்டான்: "வாப்பா, ஏன் பாலத்த இவ்வளவு கட்டையாச் செஞ்சிருக்கீங்க?" 2009ல பாலம் திறந்ததுக்குப் பிறகு பிறந்தவன்.

மட்டிக்களி மைனர்:

நானா, மைனர் எண்டுதான் எழுதினன். 1000 எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்ல, மேல போய் வாசியுங்கோ. இது அதுக்கு முந்தின சீரிஸ் 2, 803 சிசி. தூண் படத்திலயும் இருக்கு. ஐயாவும் தூணைப் பாத்திட்டுத்தான் ஒண்டும் சொல்லாம விட்டவர்.

உவர்மலை அக்கா:

நான் செய்யிறது 1:64 மட்டும். ஹாட் வீல்ஸ் விளையாட்டுக்கார் வாங்கி, அடியில இருக்கிற ரிவெற் ஆணியைத் துளைச்சுப் பிரிச்சு, துருப்பிடிச்ச பழங்காரா மாத்திறது. ஒரு பிக்கப்புக்குத் துரு வைக்க ரெண்டு கிழமை போட்டது. சோக் பேஸ்டல் நிறக்குச்சியைச் சுரண்டித் தூளாக்கி, நாலு நிறம் கலந்து, தூரிகையால தொட்டுத் தொட்டு. காயட்டும் எண்டு குசினி யன்னலில வச்சிட்டுக் கந்தோருக்குப் போயிட்டன்.

பின்னேரம் வந்து பாத்தால், கோப்பைத் தட்டில, கவிழ்த்து வச்ச தேத்தண்ணிக் கோப்பையளுக்கு நடுவில, என்ர பிக்கப்பும் கவிழ்ந்து கிடக்குது. நாலு சில்லும் மேல. பளபள எண்டு மின்னுது.

"பிள்ளை, ஊத்தையாக் கிடந்தது. சவுக்காரம் போட்டுத் தும்பால உரஞ்சி வச்சிருக்கிறன்" எண்டா மாமி. அந்த மனிசியோட எப்பிடிக் கோவிக்கிறது?

தம்பி, கைபிடியைச் சீவும். தெரிஞ்சபிறகு விட்டால் ஒவ்வொருக்காப் பாக்கேக்கையும் கண்ணில குத்தும்.

சீனக்குடா:

பெரியப்பா சவூதியால வரேக்க 1:24 கிட் ஒண்டு, துண்டுதுண்டா வாறதை நாங்களே ஒட்டிற பிளாஸ்டிக் கார், கொண்டுவந்தவர், ஜப்பான் சாமான். ஓய்வெடுத்தபிறகு ஆறுதலா ஒட்டுறன் எண்டு உள்பையைப் பிரிக்காமல் வச்சிருந்தார். 90ல சண்டைக்கை எல்லாத்தையும் விட்டிட்டு ஓடேக்கையும் அந்தப் பெட்டி உடுப்புப் பைக்குள்ள போச்சுது. அவர் காலமானபிறகு பெரியம்மா எனக்குத் தந்தா.

அவவுக்கு முன்னாலதான் திறந்தன். ரயரும் கண்ணாடித் துண்டும் ஒரே பைக்குள்ள. ரயர் முன் கண்ணாடியில ஒட்டிக் கிடந்துது. இழுத்து எடுத்தால், கண்ணாடியில ரயரின்ர வெட்டு ஒண்டுவிடாமல் இறங்கியிருக்கு, ஈரமண்ணில வாகனம் போன மாதிரி. மேல ஆரும் சொல்லமுதல் நானே சொல்லிறன், வெக்கையால இல்ல. வினைல் ரயரை மெதுவா வச்சிருக்கச் சேர்க்கிற எண்ணெய் மாதிரிச் சாமான் வருசக்கணக்கில கசிஞ்சு பொலிஸ்டைரினைத் தின்னும். ஒட்டாமல் வச்சிருக்கிற கிட் இருந்தால் இண்டைக்கே ரயரை வேற பையில போடுங்கோ.

பெரியம்மா அந்தத் துண்டை வாங்கித் தடவிப் பாத்தா. "அவர் ஒருநாளும் திறக்கேல்லயே. பிறகெப்பிடி இதில ரயர் ஓடினது?"

நான் இன்னும் கிட்டை ஒட்டேல்ல.

மட்டிக்களி மைனர்:

ஐயாட்டைத் திரும்பப் போனன். தும்புக் கயிறாம், கரைவலைக்கு இழுக்கிறது, சின்னவிரல் மொத்தம். 12 மில்லிமீட்டர் எண்டு வச்சு 43ஆல பிரிச்சால் 0.28. தையல்நூல் மினுங்குது, தும்பு மாதிரி இல்ல. சாக்கில ஒரு நூலை உருவி, அதிலயும் இழை பிரிச்சு எடுத்து வச்சிருக்கிறன். கைபிடியைச் சீவியாச்சு. சீவேக்க கிளியர் கோட்டும் ஒரு நகக்கண் அளவு உரிஞ்சு வந்திட்டுது.

நானா, நூலை யன்னல் கண்ணாடிக்கு ஒட்டினமாதிரித்தான் முடியவேணும். வெள்ளைப் பசை சாக்கு நூலைப் பிடிக்குமோ?